பெரிய டயர், ஸ்பேசர், லெவலிங் கிட்: கொடைக்கானல் மலைப்பாதையில் வண்டியை உயர்த்தினால் என்ன ஆகும்? சட்டம் என்ன சொல்கிறது?

கொடைக்கானல் மலைப்பாதையில் இரண்டு வகையான 'உயர்ந்த' வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, சமவெளியிலிருந்து சுற்றுலா வரும் ஜீப்களும் பெரிய பிக்கப்களும். ஃபெண்டரைத் தாண்டி வெளியே நிற்கும் அகலமான டயர், தூக்கி நிறுத்திய முன்பக்கம், கூடுதல் விளக்குகள் என்று பார்க்கவே மிரட்டலாக இருக்கும். இன்னொன்று, மன்னவனூர், பூம்பாறை, தாண்டிக்குடி, பாச்சலூர் பக்கம் கேரட், பூண்டு, மலைவாழை, காப்பி ஏற்றிக்கொண்டு ஓடும் பிக்கப் வண்டிகள். இவற்றிலும் சிலர் கூடுதல் ஸ்பிரிங் பட்டை போடுகிறார்கள், ஒரு அளவு பெரிய டயர் மாட்டுகிறார்கள்.

முதல் வகைக்கு அது ஸ்டைல். இரண்டாவது வகைக்கு அது பிழைப்பு. ஆனால் மலைச்சரிவுக்கும் சரி, மோட்டார் வாகனச் சட்டத்துக்கும் சரி, இந்த வித்தியாசம் தெரியாது.

'என் வண்டி, என் காசு, பெரிய டயர் போட்டா யாருக்கு என்ன?' என்ற கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

முதலில், இந்த மூன்றும் என்ன?

பெரிய டயர்: கம்பெனி கொடுத்த அளவைவிட விட்டமும் அகலமும் கூடிய டயர். தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் உள்ள இடைவெளி கூடும், சேற்றில் பிடிமானம் கிடைக்கும் என்பதற்காகப் போடுகிறார்கள்.

ஸ்பேசர்: ஹப்புக்கும் வீலுக்கும் நடுவில் வைக்கும் உலோக வட்டு. இது வீலை வெளிப்பக்கமாகத் தள்ளும். பெரிய டயர் உள்ளே உரசாமல் இருக்கவும், வண்டி அகலமாகத் தெரியவும் போடுவார்கள்.

லெவலிங் கிட்: பிக்கப் வண்டிகளில் சுமை ஏறும்போது பின்பக்கம் அமுங்கும் என்பதால், காலியாக இருக்கும்போது பின்பக்கம் சற்று உயர்ந்தே இருக்கும்படி வடிவமைப்பார்கள். முன்பக்கத்தையும் அதே மட்டத்துக்கு உயர்த்தும் உதிரிபாகத் தொகுப்புக்குத்தான் இந்தப் பெயர். நான்கு பக்கமும் உயர்த்தினால் அது 'லிஃப்ட் கிட்'.

டயர் பெருசானா என்ன மாறும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 215/75 ஆர்15 அளவு டயரின் விட்டம் சுமார் 703 மில்லிமீட்டர். அதைக் கழற்றிவிட்டு 31 அங்குல டயர் போட்டால் விட்டம் 787 மில்லிமீட்டர். கிட்டத்தட்ட 12 சதவீதம் கூடுதல்.

இதனால் தரை இடைவெளி எவ்வளவு கூடும்? விட்டத்தில் பாதிதான் கணக்கு. அதாவது வெறும் 4 சென்டிமீட்டர். அந்த 4 சென்டிமீட்டருக்கு நாம் கொடுக்கும் விலை பெரிது.

ஒன்று, ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். டயர் ஒரு சுற்று சுற்றினால் வண்டி இப்போது கூடுதல் தூரம் போகிறது. ஆனால் மீட்டருக்கு அது தெரியாது. முள் 40 காட்டும்போது உண்மையான வேகம் கிட்டத்தட்ட 45. ஓடிய கிலோமீட்டரும் குறைத்தே காட்டும். ஆயில் மாற்றுவது, சர்வீஸ் விடுவது எல்லாம் தள்ளிப்போகும்.

இரண்டு, ஏற்றத்தில் இழுவை குறையும். இன்ஜின் கொடுக்கும் அதே சக்தி, பெரிய சக்கரத்தின் விளிம்புக்கு வரும்போது சுமார் 11 சதவீதம் குறைந்துவிடும். சுமையோடு கொண்டை ஊசி வளைவில் நின்று கிளம்பும்போது கிளட்சை அதிகம் அரைக்க வேண்டியிருக்கும். கிளட்ச் பிளேட் சீக்கிரம் தீயும்.

மூன்று, இதுதான் மலையில் முக்கியம். இறக்கத்தில் இன்ஜின் பிரேக்கிங் குறையும். இரண்டாவது கியரில் போட்டு இறங்கினால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்பது மலை ஓட்டுநர்களுக்குப் பால பாடம். டயர் பெரிதானால் அதே கியரில் அந்தப் பிடிப்பு குறைகிறது. அந்தப் பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழும்.

கொடைக்கானல் இறக்கம் பிரேக்கை எவ்வளவு சூடாக்கும்?

கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டருக்கு மேல் இருக்கிறது. வத்தலக்குண்டு அடிவாரச் சமவெளியில் இருக்கிறது. பெருமாள்மலை, ஊத்து, டம்டம் பாறை வழியாக இறங்கி முடிக்கும்போது வண்டி ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தை இழக்கிறது.

சுமையோடு 3 டன் எடையுள்ள ஒரு பிக்கப் இவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், 150 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றுத் தடையும் டயர் உரசலும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். இன்ஜின் பிரேக்கிங் பெரும் பங்கை எடுத்துக்கொள்ள வேண்டும். மீதி எல்லாம் பிரேக் டிரம்மிலும் டிஸ்க்கிலும் வெப்பமாக இறங்கும்.

பிரேக் அளவுக்கு மீறிச் சூடானால் பிடிமானம் குறையும். பிரேக் ஆயில் கொதித்தால் பெடல் 'பொசுக்' என்று உள்ளே போகும். 'பிரேக் பிடிக்கவில்லை' என்று சொல்லப்படும் மலைப்பாதை விபத்துகளுக்குப் பின்னால் இருக்கக்கூடிய முக்கியக் காரணங்களில் இதுவும் ஒன்று.

பெரிய டயர் இதை இரண்டு வழிகளில் மோசமாக்குகிறது. இன்ஜினின் பங்கு குறைகிறது. அதோடு, பிரேக்கை அதே அழுத்தம் அழுத்தினாலும், சக்கரத்தின் ஆரம் கூடியதால் சாலையில் கிடைக்கும் நிறுத்தும் விசையும் அதே 11 சதவீதம் குறைகிறது. டயர், வீல் இரண்டும் கனமானவை என்றால் சுற்றுவதை நிறுத்தவே கூடுதல் உழைப்பு வேண்டும்.

வண்டியை உயர்த்தினா கவிழுமா?

உடனே கவிழ்ந்துவிடாது. ஆனால் கவிழ்வதற்கான எல்லை பக்கத்தில் வந்துவிடும்.

வண்டி கவிழும் தன்மையை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. இரு பக்கச் சக்கரங்களுக்கு இடையே உள்ள அகலத்தை, எடை மையத்தின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கால் வகுக்க வேண்டும். அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பு புதிய கார்களின் கவிழும் அபாயத்தை மதிப்பிட இந்தக் கணக்கையும் பயன்படுத்துகிறது. எண் பெரிதாக இருந்தால் வண்டி நிலையானது.

உதாரணத்துக்கு அகலம் 140 சென்டிமீட்டர், எடை மையம் 80 சென்டிமீட்டர் உயரத்தில் என்று வைத்துக்கொள்வோம். விடை 0.875. இப்போது 5 சென்டிமீட்டர் லிஃப்ட், பெரிய டயரால் 4 சென்டிமீட்டர் என மொத்தம் 9 சென்டிமீட்டர் உயர்த்துகிறோம். விடை 0.787 ஆகக் குறைகிறது. சுமார் 10 சதவீதம் இழப்பு.

'அதுக்குத்தானே ஸ்பேசர் போடுறோம், அகலம் கூடுமே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒவ்வொரு பக்கமும் 30 மில்லிமீட்டர் ஸ்பேசர் போட்டால் அகலம் 146 ஆகும். அப்போது விடை 0.820. அதாவது, ஸ்பேசர் போட்ட பிறகும் வண்டி கம்பெனியிலிருந்து வந்ததைவிட நிலையற்றதாகவே இருக்கிறது.

இதெல்லாம் காலி வண்டிக்கான கணக்கு. வாழைத்தார்களைக் கூண்டுக்கு மேலும் அடுக்கிக் கட்டிய பிக்கப்பில் எடை மையம் ஏற்கெனவே உயரத்தில் இருக்கும். அதில் மேலும் 9 சென்டிமீட்டர் சேர்ந்து, சாலை ஓரம் இடிந்து ஒரு சக்கரம் இறங்கினால் என்ன ஆகும் என்பதை மலைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஸ்பேசரில் அப்படி என்ன ஆபத்து?

வீல் பேரிங் எந்த இடத்தில் எடை விழும் என்று கணக்குப் போட்டுத்தான் வடிவமைக்கப்படுகிறது. வீல் 30 மில்லிமீட்டர் வெளியே தள்ளிப்போனால் நெம்புகோல் மாதிரி பேரிங்கிலும் ஸ்டட் போல்ட்டிலும் பளு கூடும். பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அந்த அடி பெருக்கப்பட்டு உள்ளே போகும். ஸ்டியரிங் இழுப்பும் மாறும்.

மட்டமான வார்ப்பில் செய்த ஸ்பேசர் விரிசல் விடலாம். ஹப்பின் நடுவில் சரியாகப் பொருந்தாத ஸ்பேசர் என்றால் எடை முழுவதையும் போல்ட்டுகளே தாங்க வேண்டும். நட்டுகள் குறிப்பிட்ட அளவு முறுக்கத்தில் இல்லாமல் தளர்ந்தால் வீலே கழன்றுபோகும் வாய்ப்பு உண்டு.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. ஃபெண்டருக்கு வெளியே சுற்றும் டயர், ஜல்லியையும் சேற்றையும் பின்னால் வரும் இருசக்கர வாகன ஓட்டியின் முகத்தில் அடிக்கும். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம் என்று போகும் பாதையில் எதிரெதிர் வண்டிகள் விலகும்போது ஒவ்வொரு அங்குலமும் கணக்கு.

லெவலிங் கிட் வெறும் அழகுக்குத்தானே?

முன்பக்கம் உயரும்போது ஹெட்லைட்டும் மேலே பார்க்கும். கொடைக்கானல் மூடுபனியில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்க அது போதும். விளக்கைத் திரும்பச் சரிசெய்யாமல் விடுவது பலர் செய்யும் தவறு.

முன் சக்கரங்களுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன் உள்ள வண்டிகளில் ஆக்சில் மூட்டுகள் சாய்ந்த கோணத்தில் சுற்றி, ரப்பர் பூட் கிழிந்து தேயும். வீல் அலைன்மென்ட் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

பின்பக்கத்தை உயர்த்துவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. பல பிக்கப்களில் சுமைக்கு ஏற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உண்டு. பின் ஆக்சிலுக்கும் சேஸிக்கும் உள்ள இடைவெளியை வைத்துத்தான் அது சுமையை அறியும். கூடுதல் பட்டை போட்டு உயர்த்தினால், சுமை ஏற்றிய பிறகும் வண்டி காலியாக இருப்பதாகவே அந்த வால்வு நினைத்துக்கொள்ளும். பின் சக்கரங்களுக்குத் தேவையான பிரேக் கிடைக்காது.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-வது பிரிவுதான் இதற்கான அடிப்படை. பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றியமைக்கக் கூடாது என்கிறது இந்தப் பிரிவு. வேறு எரிபொருளுக்கு மாற்றுவது போன்ற சிலவற்றுக்கு மட்டும் நிபந்தனையோடு விலக்கு இருக்கிறது.

கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் அமர்வு, தயாரிப்பாளர் கொடுத்த அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறும்படி வண்டியை மாற்ற முடியாது என்று தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு சட்டத்திருத்தத்தில் 182ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அனுமதியில்லாமல் வண்டியை மாற்றியமைக்கும் உரிமையாளருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். 'ஒவ்வொரு மாற்றத்துக்கும்' என்பதைக் கவனியுங்கள். டயர், ஸ்பேசர், லிஃப்ட் மூன்றையும் தனித்தனியாக எண்ணினால் 15,000 ரூபாய்.

டயர் மாத்துறதுகூடக் குற்றமா?

இங்கேதான் குழப்பம். 52-வது பிரிவின் விளக்கம், வண்டியின் அடிப்படை அம்சத்தையே மாற்றும் கட்டமைப்பு மாற்றத்தைத்தான் 'மாற்றியமைத்தல்' என்கிறது. ஒரு அளவு பெரிய டயர் அப்படி ஒரு மாற்றமா என்று வாதிட இடமிருக்கிறது. அதே மாடலின் உயர் ரகத்துக்குக் கம்பெனியே கொடுக்கும் டயர் அளவைப் போடுவதும், எங்கோ வாங்கிய 31 அங்குல டயரைப் போடுவதும் ஒன்றல்ல.

ஆனால் சரக்கு பிக்கப் வைத்திருப்பவர்களுக்கு இந்த இடம் இன்னும் குறுகலானது. சரக்கு வாகனங்களின் பதிவு விவரங்களில் டயரின் எண்ணிக்கை, அளவு, ஒவ்வொரு அச்சுக்கும் பதிவான எடை ஆகியவையும் இடம்பெறுகின்றன. எஃப்சிக்குப் போகும்போது அந்த ஏட்டோடு வண்டி பொருந்த வேண்டும். புதிய சரக்கு வாகனத்துக்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுக்கு ஒருமுறையும், அதன் பிறகு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும்.

பட்டையைக் கூட்டினால் சுமையையும் கூட்டலாம் என்று நினைப்பதும் தவறு. ஏட்டில் உள்ள எடைதான் சட்டப்படியான எடை. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

இன்சூரன்ஸ் என்ன ஆகும்?

இன்சூரன்ஸ் நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம் இருந்தால், சொந்த வண்டியின் சேதத்துக்கு இழப்பீடு கேட்கும்போது தகராறு வர வாய்ப்பு அதிகம். சர்வேயர் முதலில் பார்ப்பதே அதைத்தான். வண்டிக் கடனில் ஓடும் ஒரு பிக்கப் உரிமையாளருக்கு, வண்டியும் போய் இழப்பீடும் சிக்கிக்கொண்டால் மிஞ்சுவது மாதத் தவணை மட்டும்தான்.

பக்கத்து மாநிலத்தில், வெளிநாடுகளில் எப்படி?

கேரள மோட்டார் வாகனத் துறை இதில் கறாராக இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கண்ணூரில் யூடியூபர்கள் இருவரின் மாற்றியமைத்த வேன் பறிமுதல் செய்யப்பட்டது அப்போது பெரிய செய்தி. 2025 ஜூலையில், மூணாறில் நடந்த ஜீப் விபத்தைத் தொடர்ந்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் ஜீப் சஃபாரிகளுக்குத் தற்காலிகத் தடை விதித்தது. பழனி மலையும் மூணாறும் அடுத்தடுத்த மலைகள், சாலைகளும் ஏறக்குறைய ஒரே மாதிரி.

அமெரிக்காவில் பிக்கப்களை உயர்த்துவது ஒரு கலாசாரம். அங்கேயே வட கரோலினா மாநிலம், முன்பக்கத்தை மட்டும் அளவுக்கு மீறித் தூக்கி நிறுத்தும் பாணியை 2021 டிசம்பரில் தடை செய்தது. ஓட்டுநருக்குச் சாலையே சரியாகத் தெரியாது என்பது அதற்கு எதிரான முக்கியக் குற்றச்சாட்டு.

ஆஸ்திரேலியா நடுவழியைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. அந்நாட்டின் வாகன மாற்ற வழிகாட்டு விதிகளின்படி, நான்கு சக்கர இயக்க வாகனங்களில் கம்பெனி அனுமதித்த பெரிய டயரைவிட 50 மில்லிமீட்டர் வரை கூடுதல் விட்டம் போடலாம். அதற்கு மேல் என்றால் பொறியாளரின் சான்று வேண்டும். கம்பெனியே பொருத்தாத ஸ்பேசர்களுக்கு அனுமதி இல்லை. எது கூடும், எது கூடாது என்று எண்ணில் சொல்லிவிடுகிறார்கள். நம் ஊரில் இல்லாதது அந்தத் தெளிவுதான்.

அப்போ மலை விவசாயி என்ன செய்வது?

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. மேல்மலையிலும் கீழ்மலையிலும் மழைக்காலத்தில் மண் சரிந்து, தார் பெயர்ந்து கிடக்கும் பாதைகள் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையில் மரங்களைச் சாய்த்துச் சாலைகளைத் துண்டித்ததை யாரும் மறக்கவில்லை. பறித்த காய்கறி அன்றைக்கே சந்தைக்குப் போயாக வேண்டும். 'ரோடு சரியா இருந்தா நாங்க ஏன் பட்டை போடப் போறோம்?' என்பது அரசுக்கான கேள்வி. அதற்கு அபராத ரசீது பதில் ஆகாது.

ஆனால் சாலை வரும்வரை சட்டத்துக்கும் பாதுகாப்புக்கும் உட்பட்டுச் செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன:

- டயர் அளவை மாற்றாமல் ரகத்தை மாற்றலாம். அதே அளவில் ஆழமான பட்டன் உள்ள, எல்லாத் தரைக்கும் ஏற்ற டயர்கள் கிடைக்கின்றன. சேற்றில் வழுக்குவதற்குப் பெரும்பாலும் காரணம் டயரின் உயரம் இல்லை, பட்டன் தேய்ந்திருப்பதுதான். சட்டப்படி குறைந்தது 1.6 மில்லிமீட்டர் ஆழம் வேண்டும். மலைக்கு அது போதாது, அதற்கு முன்பே மாற்றிவிடுவது நல்லது.
- டயரின் சுமைக் குறியீட்டைப் பார்த்து வாங்குங்கள். 100 என்று இருந்தால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், 106 என்றால் 950 கிலோ. அகலமாகத் தெரியும் கார் டயர், ஒல்லியான சரக்கு டயரைவிடக் குறைவாகத் தாங்கக்கூடும்.
- அளவைக் கூட்டியே ஆக வேண்டுமென்றால், அதே மாடலின் வேறு ரகத்துக்குக் கம்பெனி கொடுத்திருக்கும் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சரக்கு வண்டி என்றால் முன்கூட்டியே ஆர்டிஓ அலுவலகத்தில் கேட்டு, ஏட்டில் பதிவு செய்ய முடியுமா என்று பாருங்கள்.
- புது வண்டி வாங்கப் போகிறவர்கள் நான்கு சக்கர இயக்கம் உள்ள பிக்கப்பைப் பரிசீலிக்கலாம். கம்பெனியே செய்து, சோதித்து, ஒப்புதல் வாங்கிய வண்டி அது.
- கொஞ்ச தூரச் சேற்றுக்கு, டயரில் சங்கிலி கட்டும் பழைய வழி இன்றும் நல்ல வழி. தார் ரோடு வந்ததும் கழற்றிவிடலாம்.

சுற்றுலா வருபவர்களுக்கு?

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் கட்டாயம் ஆனது. 2025 ஏப்ரல் முதல் கோடைக்காலத்துக்கு, வார நாட்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்ற உச்சவரம்பும் வந்தது. இந்த மலை தாங்கும் அளவைத் தாண்டிவிட்டது என்பதே இதன் பொருள். இ-பாஸ் எண்ணிக்கையைத்தான் பார்க்கும். வரும் வண்டி எப்படி மாற்றப்பட்டிருக்கிறது என்பதைப் பார்ப்பது அடிவாரச் சோதனைச் சாவடிகளில் நடக்க வேண்டிய வேலை.

'தார் ரோட்டை விட்டு இறக்கிப் பார்ப்போம்' என்ற ஆசையோடு வருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2013-ல் இந்த மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பகுதி கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சோலைக்காட்டிலும் புல்வெளியிலும் அனுமதியின்றி வண்டியை இறக்கினால், அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் தனி வழக்கு.

ஏற்கெனவே மாற்றியமைத்த வண்டியில் மலைக்கு வந்துவிட்டீர்களா? இறங்கும்போது வழக்கத்தைவிட ஒரு கியர் குறைவாகப் போடுங்கள். முள் காட்டும் வேகத்தை நம்பாதீர்கள். பிரேக் தீயும் வாசனை வந்தால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்கி, ஆறவிட்டுக் கிளம்புங்கள். ஸ்பேசர் இருந்தால் நட்டுகளை மெக்கானிக்கிடம் காட்டிச் சரிபாருங்கள். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுங்கள், அதுதான் மலைப்பாதை விதி. எதிரே மூச்சு வாங்கி ஏறி வருவது யாரோ ஒருவரின் ஒரு வார விளைச்சலாக இருக்கலாம்.